ஃபுல் ஆட்டோ துப்பாக்கியை முதல்முறை சுடுபவர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் பல சுடுதளங்கள் ஃபுல் ஆட்டோ துப்பாக்கிகளை வாடகைக்குத் தருகின்றன. பயிற்சியாளர் பக்கத்திலேயே நிற்பார், நாம் சுடலாம். முதல்முறை போகிறவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்லியிருக்கிறேன். எந்தத் துப்பாக்கி பிடிக்கும், எது பிடிக்காது என்பதில் என் கருத்தையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஃபுல் ஆட்டோ என்றால் சரியாக என்ன?

டிரிகரை அழுத்திப் பிடித்திருக்கும்வரை துப்பாக்கி சுட்டுக்கொண்டே இருக்கும். விரலை எடுக்க வேண்டும், இல்லையென்றால் மேகசின் (துப்பாக்கியில் மாட்டும் தோட்டாப் பெட்டி) காலியாக வேண்டும். அப்போதுதான் நிற்கும். ஒரு அழுத்தத்துக்கு ஒரே ஒரு குண்டு என்றால் அது செமி ஆட்டோமேட்டிக். அமெரிக்கக் கடைகளில் பொதுமக்கள் வாங்கும் ஏஆர்-15 போன்றவை இந்த இரண்டாவது வகை. பார்க்க ராணுவத் துப்பாக்கி மாதிரியே இருப்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

இடையில் இன்னொரு வகையும் உண்டு. எம்16ஏ2 துப்பாக்கியில் ஒருமுறை அழுத்தினால் அதிகபட்சம் மூன்று குண்டுகள் போய்த் தானாக நின்றுவிடும். இதை பர்ஸ்ட் என்பார்கள். விரலால் நாமே செய்ய வேண்டிய கட்டுப்பாட்டை இங்கே இயந்திரம் செய்கிறது.

இது சட்டப்படி சரியா? யார் வேண்டுமானாலும் சுடலாமா?

பெரும்பாலான நாடுகளில் பொதுமக்கள் இவற்றைத் தொடவே முடியாது. அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டு தேசியத் துப்பாக்கிச் சட்டம் மெஷின் கன்களை (ஃபுல் ஆட்டோ துப்பாக்கிகளுக்குச் சட்டம் வைத்த பெயர்) பதிவு செய்ய வேண்டும் என்றது. கைமாற்றும் ஒவ்வொரு முறைக்கும் 200 டாலர் வரியும் விதித்தது. அந்தக் காலத்தில் அது ஒரு துப்பாக்கியின் விலைக்கே சமமான தொகை. பிறகு 1986 மே 19க்குப் பின் தயாரானவற்றைத் தனிநபர்கள் வைத்திருக்கவே கூடாது என்று இன்னொரு சட்டம் வந்தது. அதற்கு முன் பதிவானவை மட்டுமே இன்றும் தனிநபர்களிடையே கைமாறுகின்றன. புதிதாக ஒன்றுகூடச் சேராததால் அவற்றின் விலை பல ஆயிரம் டாலர்களாக ஏறிவிட்டது. ஒரு நல்ல கார் வாங்கும் பணம் ஒரு துப்பாக்கிக்கே போய்விடும். அதனால்தான் துப்பாக்கிப் பிரியர்களில்கூடப் பெரும்பாலோர் வாடகைக்கு எடுத்துத்தான் சுடுகிறார்கள். நெவாடாவின் லாஸ் வேகஸ் இதற்குப் பேர்போன ஊர்.

மாநிலத்துக்கு மாநிலம் விதிகள் மாறும். வெளிநாட்டிலிருந்து விசாவில் வந்தவர்களுக்குக் கூட்டாட்சிச் சட்டத்தில் தனிக் கட்டுப்பாடுகளும், வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகளும் உண்டு. உங்கள் நிலையை சுடுதளத்தாரிடம் சொல்லி, என்ன ஆவணங்கள் வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அப்புறம் முன்பதிவு செய்யுங்கள்.

முதலில் எதைச் சுடுவது?

எம்பி5. இதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

ஜெர்மனியின் ஹெக்லர் அண்ட் கோக் நிறுவனம் 1960களில் உருவாக்கிய 9 மிமீ சப் மெஷின் கன் இது. 1980இல் லண்டனில் ஈரான் தூதரகத்தை மீட்டபோது பிரிட்டனின் எஸ்ஏஎஸ் சிறப்புப் படை வீரர்கள் கையில் இருந்தது இதுதான். உலகம் முழுக்க அது பிரபலமானதற்கு அந்தக் காட்சிகள் முக்கியக் காரணம். ஆனால் அந்தப் புகழுக்காக நான் இதைப் பரிந்துரைக்கவில்லை. 9 மிமீ என்பது கைத்துப்பாக்கித் தோட்டா. அதை இரண்டரை முதல் மூன்று கிலோ எடையுள்ள, தோளில் முட்டுக்கொடுத்துப் பிடிக்கும் துப்பாக்கியில் சுடுகிறோம். உதைப்பின் பெரும்பகுதியை எடையே வாங்கிக்கொள்கிறது. தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் இரும்புத்துண்டான போல்ட் உடனடியாகப் பின்னால் பாயாதபடி இரண்டு சிறு உருளைகள் அதைச் சற்றே தாமதப்படுத்துகின்றன. அதனால் தோளில் விழுவது அடியாக இல்லாமல் ஒரு சீரான அதிர்வாக மட்டும் இருக்கிறது. நிமிடத்துக்குச் சுமார் 800 குண்டுகள் என்ற வேகத்திலும் குறி இலக்கைவிட்டு ஓடுவதில்லை.

இதில் இன்னொரு சுகமும் உண்டு. லோடு செய்யும் முறையைச் சொல்கிறேன். குழலுக்கு மேலே இடப்பக்கமாக இருக்கும் கைப்பிடியைப் பின்னால் இழுத்து, மேல்நோக்கித் திருப்பினால் ஒரு வெட்டில் மாட்டிக்கொண்டு நிற்கும். மேகசினைச் செருகிவிட்டு, அந்தக் கைப்பிடியை உள்ளங்கையால் கீழ்நோக்கி ஒரு தட்டுத் தட்டினால் போல்ட் சடாரென்று முன்னால் பாய்ந்து பூட்டிக்கொள்ளும். பயிற்சியாளர் அனுமதித்தால் அந்தத் தட்டை நீங்களே தட்டிப் பாருங்கள்.

எப்படி நிற்க வேண்டும்?

முதல்முறை சுடுபவர்களில் பத்தில் ஒன்பது பேர் உடம்பைப் பின்னால் சாய்த்து நிற்பார்கள். கையில் கனமான பொருளைத் தூக்கும்போது உடம்பு தானாகச் செய்வது அது. சத்தத்தைக் கண்டு ஒதுங்கும் இயல்பும் சேர்ந்துகொள்ளும். ஆனால் ஃபுல் ஆட்டோவில் இதைவிட மோசமான நிலை கிடையாது.

குழலின் கோடு பெரும்பாலும் தோள்கட்டை நம் மேல் முட்டும் இடத்துக்கு மேலே போகிறது. ஒவ்வொரு குண்டும் துப்பாக்கியை நேர்பின்னால் தள்ளுகிறது. தாங்கும் இடம் கீழே இருப்பதால் முனை மேலே எழும்புகிறது. ஒற்றைக் குண்டு சுட்டால் முனை எழும்பித் திரும்பவும் இறங்க நேரம் இருக்கும். ஃபுல் ஆட்டோவில் அது இறங்குவதற்குள் அடுத்த உதை வந்துவிடும். உதைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ந்து ஏறும். பின்னால் சாய்ந்து நிற்பவர் நாலாவது குண்டிலேயே நிலை தடுமாறுவார்.

ஆகவே வலக்கைக்காரர் என்றால் இடக்காலை நன்றாக முன்னே வையுங்கள். முழங்காலை லேசாக மடக்கி, இடுப்புக்கு மேலே உடம்பை முன்னால் சாயுங்கள். எடை முன்கால் பாதத்தில் இருக்க வேண்டும். தோள்கட்டையைத் தோளின் குழிவில் இறுக்கிக் கன்னத்தை அதன்மேல் பதியுங்கள். முன்கை துப்பாக்கியைத் தோளை நோக்கி இழுத்துக்கொண்டே இருக்கட்டும். மூச்சை இழுத்துப் பிடிக்க வேண்டாம். பல்லைக் கடிக்கவும் வேண்டாம்.

ஒரே அழுத்தில் மேகசின் முழுவதையும் காலி செய்யலாமா?

செய்யலாம். பலர் அதற்காகத்தான் வருகிறார்கள். கணக்கைப் பாருங்கள்: நிமிடத்துக்கு 600 குண்டுகள் என்றால் நொடிக்குப் பத்து. 30 தோட்டா மேகசின் மூன்று நொடியில் தீர்ந்துவிடும். பெரும்பாலான இடங்களில் தோட்டாவுக்குத் தகுந்தபடிதான் கட்டணம்.

மூன்று மூன்றாகச் சுட்டால் அதே மேகசினில் பத்து வாய்ப்புகள் கிடைக்கும். ஒவ்வொரு முறையும் பிடியைச் சரிசெய்யலாம், முந்தைய குண்டுகள் எங்கே பட்டன என்று பார்க்கலாம், விரல் கற்றுக்கொள்வதை உணரலாம். ஃபுல் ஆட்டோவில் உண்மையான ருசி இங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். முதல் மேகசினில் இரண்டா ஐந்தா என்று தெரியாமல் போகும். அதே துப்பாக்கியில் இரண்டாவது மேகசினுக்குள் சரியாக மூன்றில் விரல் நிற்கத் தொடங்கும்போது வரும் திருப்தி, மொத்தத்தையும் கொட்டித் தீர்ப்பதில் வருவதில்லை. கடைசி மேகசினின் கடைசிப் பத்துத் தோட்டாக்களை வேண்டுமானால் ஒரே இழுப்பில் விடுங்கள், ஆசையும் தீரும்.

டிரிகரை அழுத்தியதும் குண்டு போவதற்கு முன்பே துப்பாக்கி குலுங்குகிறதே, ஏன்?

நீங்கள் கையில் வைத்திருப்பது ஓபன் போல்ட் வகை. இதில் சுடத் தயாராக இருக்கும்போது போல்ட் பின்னால் நின்றுகொண்டிருக்கும். டிரிகரை அழுத்தியதும் அந்தக் கனமான இரும்புத்துண்டு முன்னால் பாய்ந்து, வழியில் மேகசினிலிருந்து ஒரு தோட்டாவைத் தள்ளிக்கொண்டுபோய் வெடிக்க வைக்கும். அந்தப் பாய்ச்சலில் குறி கொஞ்சம் அசையும். தாம்சன், ஸ்டென், ஊஸி எல்லாம் இப்படித்தான்.

இதில் பலனும் இருக்கிறது. தொடர்ந்து சுட்ட பிறகு குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை சூடேறியிருக்கும், அதற்குள் தோட்டா தங்கியிருந்தால் வெப்பத்திலேயே வெடித்துவிடக்கூடும். ஓபன் போல்ட்டில் சுடாத நேரத்தில் அறை காலியாகவே இருக்கிறது, காற்றும் உள்ளே போகிறது. பெல்ட்டில் தோட்டா ஊட்டும் மெஷின் கன்கள் பலவும் இந்த முறையில் இயங்குவதற்கு இதுவே காரணம். எம்பி5 க்ளோஸ்டு போல்ட், அதாவது சுடும் முன்பே போல்ட் முன்னால் மூடியிருக்கும் வகை என்பதால் அதில் இந்தக் குலுங்கல் கிடையாது.

தாம்சன் இவ்வளவு பிரபலமாக இருக்கிறதே, சுடவும் அப்படி நன்றாக இருக்குமா?

இருக்கும். சுடும் இன்பத்தில் என் பட்டியலில் முதலிடம் இதற்குத்தான்.

ஜான் தாம்சன் என்ற அமெரிக்க ராணுவ அதிகாரியின் முயற்சியில் உருவாகி 1921இல் விற்பனைக்கு வந்த துப்பாக்கி. .45 ஏசிபி என்ற பருத்த, மெதுவான தோட்டா. ஆனால் துப்பாக்கியின் எடை நாலரைக் கிலோவுக்கு மேல். கையில் வாங்கியதும் "இவ்வளவு கனமா?" என்றுதான் எல்லோரும் கேட்பார்கள். மேகசினை நிரப்பி மாட்டினால் இன்னும் கூடும். சுடத் தொடங்கியதும் அந்தக் கனத்தின் அருமை தெரியும். இரண்டாம் உலகப் போர்க்கால எம்1ஏ1 நிமிடத்துக்கு 700 குண்டுகள் அளவில் சுடும். ஒவ்வொரு குண்டும் தனித்தனியாகத் தோளுக்குத் தெரியும், ஆனால் எதுவும் வலிக்காது. போல்ட் முன்னும் பின்னும் போய்வருவதை உள்ளங்கை கணக்கிட்டுக்கொண்டே இருக்கும்.

குறை இல்லாமல் இல்லை. தோள்கட்டை கீழ்நோக்கி இறங்கியிருப்பதால் முனை எழும்பும். பழைய 1928 மாதிரியில் முனையில் கட்ஸ் காம்பன்சேட்டர் என்ற வெட்டுகள் கொண்ட குழாய் இருக்கும். அது வாயுவை மேல்நோக்கி விட்டு முனையைக் கீழே அழுத்தும். 50 தோட்டா டிரம் (வட்ட வடிவ மேகசின்) மாட்டிச் சுட ஆசை என்றால் அந்த மாதிரியைத்தான் கேட்க வேண்டும். எம்1ஏ1 டிரம்மை ஏற்காது.

ஊஸி, ஸ்டென், கிரீஸ் கன்: இவற்றில் எது?

மூன்றில் ஒன்றுதான் என்றால் கிரீஸ் கன். எம்3 என்பது அதன் முறையான பெயர். தாம்சனைச் செய்ய அதிகச் செலவும் நேரமும் ஆனதால், இரண்டாம் உலகப் போரின்போது தகட்டை அழுத்திச் செய்யும்படி அமெரிக்கா உருவாக்கியது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் கார் விளக்குகள் செய்யும் பிரிவுதான் இதைத் தயாரித்தது. அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் வேகம் நிமிடத்துக்கு சுமார் 450 மட்டுமே. தட், தட், தட் என்று எண்ணிக்கொண்டே சுடலாம். வேண்டுமென்றால் ஒற்றைக் குண்டோடும் விரலை எடுத்துவிடலாம். எம்பி5 இல்லாத சுடுதளத்தில் முதல் துப்பாக்கியாக இதைக் கேளுங்கள்.

உஸியேல் கால் என்ற இஸ்ரேலிய அதிகாரி வடிவமைத்த ஊஸியில் மேகசின் கைப்பிடிக்குள்ளேயே போகும், போல்ட்டின் ஒரு பகுதி குழலைச் சுற்றிப் போர்த்தியிருக்கும். அதனால் நீளம் குறைவு, சமநிலை அருமை. முழு அளவு ஊஸி மூன்றரைக் கிலோ, நிமிடத்துக்கு 600. பழகுவதற்கு எளிது. கைப்பிடியின் பின்புறம் ஒரு சேஃப்டி இருக்கிறது. இறுக்கிப் பிடிக்காவிட்டால் சுடாது. ஸ்டென் என்ற பிரிட்டிஷ் போர்க்காலத் துப்பாக்கி வரலாற்றுக்காகச் சுட வேண்டியது, அவ்வளவே. அதன் பக்கவாட்டு மேகசினை மட்டும் கைப்பிடியாகப் பிடிக்காதீர்கள்.

ஏகே-47ஆ, எம்16ஆ?

எல்லோரும் கேட்கும் கேள்வி. ஃபுல் ஆட்டோவைப் பொறுத்தவரை என் ஓட்டு எம்16க்கு.

எம்16இல் தோள்கட்டை குழலின் நேர்கோட்டிலேயே பின்னால் வருகிறது. மேலே சொன்ன முனை எழும்பும் கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே உதைப்பு கிட்டத்தட்ட நேராகத் தோளுக்குள் போகிறது. 5.56 மிமீ தோட்டாவும் சிறியது. நிமிடத்துக்கு 700க்கு மேல் போனாலும் பிடியில் நிற்கும். முழு ஃபுல் ஆட்டோ வேண்டும் என்றால் எம்16ஏ1 அல்லது எம்4ஏ1 என்று குறிப்பிட்டுக் கேளுங்கள். எம்16ஏ2 தந்தால் மூன்று மூன்றாகத்தான் போகும்.

ஏகேயின் 7.62x39 தோட்டா கனமானது, தோள்கட்டை தாழ்ந்தது. நிமிடத்துக்கு 600 என்றாலும் தோளில் குத்து தெரியும், முனை வலது மேல்பக்கம் ஓடும். 1959இல் வந்த ஏகேஎம் மாதிரியில் குழல் முனை சாய்வாக வெட்டப்பட்டிருப்பது இந்த ஓட்டத்தைக் குறைக்கத்தான். ஏகேயில் எல்லோரும் தவறவிடும் ஒன்று: வலப்பக்க நெம்புகோல் மேலே இருந்தால் சேஃப்டி, ஒரு படி கீழே வந்தால் ஃபுல் ஆட்டோ, அடிமட்டத்தில்தான் ஒற்றைக் குண்டு. ஒரு படி இறக்கிவிட்டு ஒற்றைக் குண்டு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

சின்னத் துப்பாக்கி என்றால் சுலபமாக இருக்கும் அல்லவா?

இல்லவே இல்லை. இதுதான் மிக ஆபத்தான தவறான எண்ணம்.

மேக்-10, க்ளாக் 18, மைக்ரோ ஊஸி போன்றவை நிமிடத்துக்கு ஆயிரத்துக்கு மேல் சுடுபவை. எடை குறைவு, பிடிக்க இடம் குறைவு, தோளில் சரியாக முட்டுக்கொடுக்க முடியாது. போல்ட் ஓடும் தூரம் குறுகியது என்பதாலும் வேகம் எகிறுகிறது. ஆயிரத்து இருநூறு என்ற வேகத்தில் மூன்று குண்டுகள் பத்தில் ஒரு நொடிக்குள் போய்விடும். மனித விரல் அதற்குள் திரும்பி வராது.

2008இல் மாசசூசெட்ஸில் ஒரு துப்பாக்கி நிகழ்வில் 8 வயதுச் சிறுவன் ஒருவன் சுட்ட மைக்ரோ ஊஸி எழும்பித் திரும்பி அவன் உயிரையே எடுத்தது. 2014 ஆகஸ்டில் அரிசோனாவில் ஒரு சுடுதளத்தில் 9 வயதுச் சிறுமி ஊஸியில் முதலில் ஒற்றைக் குண்டு சுட்டாள். பிறகு ஃபுல் ஆட்டோவுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். துப்பாக்கி அவள் கையை மீறி எழும்பிப் பக்கத்தில் நின்ற பயிற்சியாளர் இறந்தார். பொறுப்பான சுடுதளங்கள் புதியவருக்கு முதலில் ஒன்றிரண்டு தோட்டாக்கள் மட்டும் போட்டு, அவர் பிடி தாங்குகிறதா என்று பார்த்த பிறகே மேகசினை நிரப்புவது இப்படிப்பட்ட விபத்தைத் தடுக்கத்தான். அப்படிச் செய்யாத இடத்தில் நீங்களே அதைக் கேளுங்கள். பயிற்சியாளர் உங்கள் தோளில் கைவைத்து நின்றால் சங்கடப்படாதீர்கள். அது அவர் வேலை.

குழந்தைகளைக் கூட்டிப்போகலாமா?

ஃபுல் ஆட்டோ சுட வேண்டாம். சுடுதளம் அனுமதித்தாலும் வேண்டாம். கர்ப்பிணிகள் சத்தமும் ஈயப்புகையும் கருதி சுடுதளத்துக்குள் போகாமல் இருப்பது நல்லது.

பெல்ட் ஊட்டும் பெரிய மெஷின் கன்கள் எப்படி?

துப்பாக்கியின் எடையை அதை மாட்டியிருக்கும் தாங்கி சுமப்பதால், பலர் நினைப்பதைவிட எளிது. பிரவுனிங் எம்2 துப்பாக்கியே 38 கிலோ. இரு கைகளாலும் பின்புறக் கைப்பிடிகளைப் பிடித்துக் கட்டைவிரல்களால் அழுத்திச் சுட வேண்டும். நிமிடத்துக்கு 450 முதல் 600 வரை. 12.7 மிமீ தோட்டா ஒவ்வொன்றும் உள்ளங்கையைவிட நீளமாகத் தெரியும். பெல்ட் பக்கவாட்டில் ஒவ்வொரு தோட்டாவாக உள்ளே ஏறுவதையும், காலிக் கூடுகள் கீழே கொட்டுவதையும், இணைப்பு வளையங்கள் தனியே உதிர்வதையும் சுடும்போதே பார்க்கலாம். உதைப்பைத் தாங்கி வாங்கிக்கொள்கிறது. நமக்கு வருவது நெஞ்சில் மோதும் காற்றழுத்தம். ஜான் பிரவுனிங் முதல் உலகப் போரின் முடிவில் வடிவமைக்கத் தொடங்கியது இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது என்பதே அதன் தரத்துக்குச் சான்று.

ஜெர்மானிய எம்ஜி42 வேறு ரகம். நிமிடத்துக்கு சுமார் 1,200. தனித்தனி வெடிச்சத்தம் காதுக்குப் பிரிந்து கேட்காது, துணி கிழிவதுபோல ஒரே சத்தம்தான். குழல் அவ்வளவு சீக்கிரம் சூடேறுவதால் சில நொடிகளில் கழற்றி மாற்றும்படி செய்திருக்கிறார்கள். சுட்டுப் பார்க்க வேண்டியதுதான், ஆனால் தொட்டவுடன் தோட்டா தீர்ந்துவிடும். ஒரே ஒரு பெரிய துப்பாக்கிக்குத்தான் பணம் என்றால் எம்2வைத் தேர்ந்தெடுங்கள்.

மின்மோட்டாரில் சுழலும் எம்134 மினிகன்னைச் சில இடங்களில் தருகிறார்கள். அங்கே சுடுபவருக்குச் செய்ய எதுவும் இல்லை, பொத்தானை அழுத்துவதோடு சரி. எனக்கு அதில் ஆர்வம் இல்லை.

அப்படியானால் உங்கள் வரிசை என்ன?

சுடும் இன்பத்துக்கு தாம்சன், எம்2, எம்பி5, கிரீஸ் கன், எம்16ஏ1 என்ற வரிசை. கற்றுக்கொள்வதற்கு எம்பி5 முதலில், கிரீஸ் கன் அடுத்து. ஏகேயும் ஊஸியும் நடுவில். மேக்-10 கடைசி.

மேலே இருப்பவற்றுக்குள் ஒரு ஒற்றுமை இருக்கிறது: தோட்டாவின் பலத்துக்கு ஏற்ற எடையோ, அதைத் தாங்கும் வடிவமோ இருக்கிறது. வாடகைப் பட்டியலில் அறிமுகமில்லாத துப்பாக்கியைப் பார்த்தால் முதலில் அதன் எடையையும் தோட்டாவையும் கேளுங்கள், வேகத்தை அப்புறம் கேளுங்கள். எஃப்என் பி90 பற்றிக் கேட்பவர்களுக்கும் இதே பதில். வேகம் 900தான், ஆனால் 5.7 மிமீ தோட்டா மிகச் சிறியது, அதனால் கைக்குள் அடங்கும். டிரிகரைப் பாதி அழுத்தினால் ஒற்றைக் குண்டு, முழுதும் அழுத்தினால் தொடர் குண்டு. அது பழகச் சற்று நேரமாகும்.

காதுக்கும் கண்ணுக்கும் என்ன வேண்டும்? என்ன உடுத்துவது?

துப்பாக்கிச் சத்தம் பொதுவாக 140 டெசிபலைத் தாண்டும். ஒரே வெடி காதைக் கெடுக்கப் போதும். கூரையுள்ள சுடுதளத்தில் காதுக்குள் வைக்கும் நுரைப்பஞ்சு அடைப்பானையும் அதன் மேல் காதுமூடியையும் சேர்த்தே போடுங்கள். கண்ணாடி கட்டாயம். கழுத்து மூடிய சட்டை, விரல் தெரியாத காலணி. காலிக் கூடு கொதிக்கக் கொதிக்க வெளியே பறக்கும். அது சட்டைக்குள் விழுந்தால் துள்ளத் தோன்றும். அப்போதும் முனை இலக்குப் பக்கமே இருக்க வேண்டும், விரல் டிரிகரை விட்டு வெளியே வர வேண்டும். பிறகு நிதானமாகக் கூட்டை எடுக்கலாம்.

சுடும்போது துப்பாக்கி நடுவில் நின்றுவிட்டால்?

முனையை இலக்குப் பக்கம் வைத்தபடியே விரலை எடுத்துவிட்டு, பயிற்சியாளரிடம் சொல்லுங்கள். துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்காதீர்கள், நீங்களே இழுத்துச் சரிசெய்யாதீர்கள். தாமதமாக வெடிக்கும் தோட்டாவும் உண்டு என்பதால் அவர் சில நொடிகள் காத்திருப்பார்.

முடிந்த பிறகு?

குழலைத் தொட வேண்டாம், சில மேகசின்களிலேயே தோலைச் சுட்டுவிடும் அளவுக்குச் சூடேறும். கையையும் முகத்தையும் குளிர்ந்த நீரில் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே எதையும் சாப்பிடுங்கள், குடியுங்கள். தோட்டாவிலும் அதன் பற்றவைப்பானிலும் ஈயம் இருக்கிறது. வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் அவர்களைத் தூக்குவதற்கு முன் உடை மாற்றிவிடுங்கள், அந்த உடைகளைத் தனியாகத் துவையுங்கள்.